விழுக்காடுகளுக்கு நடுவே ஒரு வாழ்க்கை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் நம் கடலோரப் பகுதியில் விழுக்காடு என்னும் சொல்லைக் கேளாத வீடு ஒன்றும் இராது. பள்ளியிறுதித் தேர்வு எழுதிய பிள்ளையிடம் அண்டை வீட்டார் முதலில் கேட்பது அவன் எத்தனை விழுக்காடு வாங்கினான் என்பதைத்தான். ஆலை வாசலில் தொழிற்சங்கத் தலைவர் போனஸ் எத்தனை விழுக்காடு என்று அறிவிக்கிறார். வட்டிக்குக் கொடுப்பவர் நூற்றுக்கு இத்தனை என்று விரல் மடக்குகிறார். செய்தித்தாளைப் பிரித்தால் வேலையின்மை இத்தனை விழுக்காடு, விலைவாசி உயர்வு இத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறது. இத்தனை விழுக்காடுகளுக்கு நடுவில் வாழும் நாம், அந்த எண் எத்தனை பேரைக் கொண்டு கணக்கிடப்பட்டது, அது எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகக்கூடும் என்று கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்ட இந்தியர் ஒருவர் இருந்தார். அவர்தாம் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவருடைய வாழ்க்கையை, கணிதம் பயிலாத நண்பர்களும் விளங்கிக்கொள்ளும்படி, இங்கே சுருங்கச் சொல்ல முற்படுகிறேன்.

பிறப்பும் கல்வியும்

மகலனோபிஸ் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய குடும்பம் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தது. அதே 1893-ஆம் ஆண்டில்தான் இலண்டனில் கார்ல் பியர்சன் என்னும் அறிஞர் தம் விரிவுரை ஒன்றில் திட்ட விலக்கம் என்று இன்று நாம் வழங்கும் அளவைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பெயரும், பிற்காலத்தில் அதை இந்திய மண்ணில் வேரூன்றச் செய்த மனிதரும் ஒரே ஆண்டில் தோன்றியது தற்செயல்தான். ஆயினும் நினைக்க நினைக்கச் சுவையானது.

திட்ட விலக்கம் என்பது என்ன? சில எண்களின் சராசரியைக் கண்டபின், ஒவ்வோர் எண்ணும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்கிறோம். அந்த விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பதுதான் திட்ட விலக்கம். சராசரி என்பது கூட்டத்தின் நடுவிடத்தைக் காட்டுகிறது. கூட்டம் நெருங்கி நிற்கிறதா, சிதறி நிற்கிறதா என்பதைத் திட்ட விலக்கம் காட்டுகிறது.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் 1912-ஆம் ஆண்டு இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்ற மகலனோபிஸ், மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் சேர்வதே அவர் திட்டம். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், இலண்டன் திரும்பும் இரயிலைத் தவறவிட்டு, நண்பர் வீட்டில் தங்க நேர்ந்தது. கிங்ஸ் கல்லூரியின் தேவாலயம் அவர் மனத்தைக் கவர்ந்தது. அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார். ஓர் இரயில் தவறியதால் ஒரு நாட்டின் புள்ளியியல் வரலாறு மாறியது எனலாம்.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நண்பரை நம் பகுதி மாணவர்கள் உரிமையோடு நினைவுகூரலாம். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் நம் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கப்பலேறிய சீனிவாச இராமானுசன்தான் அந்த நண்பர். ஒருநாள் இராமானுசன் குளிரில் நடுங்கிக்கொண்டு நெருப்பருகே அமர்ந்திருந்தார். இரவில் மேலங்கியோடு, சால்வையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார். மகலனோபிஸ் ஆறுதல் வார்த்தை சொல்வதோடு நிற்கவில்லை. நேரே படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டில்மேல் கம்பளிகள் பல, ஓரங்கள் மெத்தைக்கு அடியில் செருகப்பட்டு, அப்படியே இருந்தன. அவற்றைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அறியாமல் இராமானுசன் அத்தனை நாளும் அவற்றின்மேலேயே படுத்திருந்தார். எப்படிப் படுக்கவேண்டும் என்று மகலனோபிஸ் காட்டிக்கொடுத்தார். எதையும் கேட்டதோடு விடாமல் இடத்துக்கே போய்ப் பார்க்கும் குணம் அவருக்கு இளமையிலேயே இருந்தது.

1915-ஆம் ஆண்டு இயற்பியலில் முதல் வகுப்பில் தேறிய அவர், விடுமுறைக்காகத் தாயகம் புறப்பட்டார். முதல் உலகப்போர் காரணமாகப் பயணம் தாமதப்பட்டது. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் மெக்காலே என்னும் ஆசிரியர் பயோமெட்ரிக்கா என்ற இதழின் தொகுதிகளை அவருக்குக் காட்டினார். அது பியர்சன் நடத்திய புள்ளியியல் இதழ். மகலனோபிஸ் முழுத் தொகுதியையும் விலைகொடுத்து வாங்கினார். கப்பலில் வரும்போதே படிக்கத் தொடங்கினார். விடுமுறைக்கு வந்தவர் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் பணியை ஏற்று, இங்கேயே தங்கிவிட்டார்.

மதிப்பெண்களில் தொடங்கிய கணக்கு

படித்த புள்ளியியலைப் பயன்படுத்த அவருக்கு முதலில் கிடைத்த களம் எது தெரியுமா? நம்மைப் போன்ற மாணவர்களின் தேர்வு முடிவுகள்தாம். 1917-ஆம் ஆண்டு வாக்கில் கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வு முறையைச் சீர்திருத்த முனைந்த பேரறிஞர் பிரஜேந்திரநாத் சீல், தேர்வு முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும்படி இளைஞர் மகலனோபிசைக் கேட்டுக்கொண்டார்.

தேர்வு விழுக்காடுகளை ஆராய்வதில் என்ன கடினம் என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது நானே கற்பனையாக அமைத்துக்கொண்டது. ஒரு கல்லூரியில் ஐந்து வகுப்புகளின் தேர்ச்சி 40, 50, 60, 70, 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சராசரி 60. விலக்கங்களின் வர்க்கங்கள் 400, 100, 0, 100, 400. கூட்டினால் 1000, ஐந்தால் வகுத்தால் 200, வர்க்கமூலம் ஏறத்தாழ 14.1. கணக்கு முடிந்தது என்று பேனாவை மூடிவிடலாமா?

கூடாது. ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் என்று இன்னும் நாம் கேட்கவில்லை. 40 விழுக்காடு எடுத்த வகுப்பில் 100 பேர், 50 எடுத்ததில் 60 பேர், 60 எடுத்ததில் 50 பேர், 70 எடுத்ததில் 20 பேர், 80 எடுத்ததில் வெறும் 5 பேர் என்று கொள்வோம். மொத்த மாணவர் 235. தேறியவர் 40, 30, 30, 14, 4 ஆக 118 பேர். கல்லூரியின் உண்மையான தேர்ச்சி 118-ஐ 235-ஆல் வகுத்தால் வரும் 50.2 விழுக்காடுதான், 60 அன்று! ஆளெண்ணிக்கைக்கு ஏற்ப எடையிட்டுக் கணக்கிட்டால் திட்ட விலக்கமும் 14.1-லிருந்து 10.8-ஆகக் குறைந்துவிடுகிறது.

இதைவிட முக்கியமான செய்தி வேறொன்று உண்டு. விழுக்காடு தற்செயலாகவும் ஏறி இறங்கும். ஐந்து பேர் வகுப்பில் ஒருவர் தவறினாலே 20 விழுக்காடு சரிந்துவிடும். இந்தத் தற்செயல் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கத்தைக் காண எளிய வழி உண்டு. தேறியவர் பங்கையும் தவறியவர் பங்கையும் பெருக்கி, ஆளெண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கவேண்டும். பாதிப் பேர் தேறும் கல்லூரியில் இது ஐந்து பேர் வகுப்புக்கு ஏறத்தாழ 22 விழுக்காடு, நூறு பேர் வகுப்புக்கு 5 விழுக்காடு. ஆகவே 80 எடுத்த சிறு வகுப்பு பொதுத் தேர்ச்சியைவிட 30 உயர்ந்து நின்றாலும் அது ஒன்றேகால் விலக்கத்தைச் சற்றே தாண்டியதுதான். அது தற்செயலாகவே நேரக்கூடும். 40 எடுத்த பெரிய வகுப்போ 10 மட்டுமே தாழ்ந்திருந்தாலும் அது இரண்டு விலக்கம். அங்கேதான் உண்மையான குறை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முப்பதைவிடப் பத்து கனமானது! விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர் அந்த ஐந்து பேருக்கு மாலை போட்டுவிட்டு நூறு பேரை மறந்துபோவார். விலக்கத்தையும் பார்ப்பவர் நூறு பேரின் வகுப்பறைக்குப் போவார்.

அளவையிலிருந்து ஆய்வகத்துக்கு

1920-ஆம் ஆண்டு நாகபுரியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் விலங்கியல் மதிப்பாய்வுத் துறை இயக்குநர் அன்னன்டேலை மகலனோபிஸ் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களிடம் எடுத்த உடல் அளவுகளை ஆராயும்படி அன்னன்டேல் வேண்டினார். உயரம், தலையின் நீளம், மூக்கின் அகலம் என்று பலவகை அளவுகள் இருந்தால் இரு கூட்டத்தார் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? உயரத்தின் வேறுபாடும் மூக்கின் வேறுபாடும் ஒரே தராசில் நிற்பதில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் திட்ட விலக்கத்தால் வகுத்து, அளவுகளுக்குள்ளே இருக்கும் உறவையும் கணக்கில் கொண்டால் எல்லாம் ஒரே தராசுக்கு வந்துவிடும். இந்தச் சிந்தனை முதிர்ந்து 1936-ஆம் ஆண்டு வெளிவந்ததே இன்று உலகெங்கும் மகலனோபிஸ் தொலைவு என்று வழங்கும் அளவை. இத்தகைய கணக்குகளின் வழியே, வங்கப் பிராமணர்கள் வேற்று மாகாண மேல்சாதியாரைவிட வங்கத்தின் மற்றச் சாதியாரையே உடலளவில் பெரிதும் ஒத்திருக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்காட்டியது சிந்திக்கத்தக்கது.

1926-ஆம் ஆண்டு ஒரிசாவில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப் படுகை மேடிட்டுவிட்டது, கரைகளை உயர்த்தவேண்டும் என்று பொறியாளர் குழு கருதியது. மகலனோபிஸ் சுமார் 60 ஆண்டுகளின் மழை, நீர்மட்டக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார். படுகை மேடிடவில்லை, மேற்புறத்தில் பெய்த மிகைமழையே காரணம் என்று காட்டினார்.

அப்போதெல்லாம் புள்ளியியல் என்று ஒரு தனிப்பாடம் நம் நாட்டுக் கல்லூரிகளில் இல்லை. மாநிலக் கல்லூரியின் இயற்பியல் துறையில், அவருடைய அறையிலேயே சில உதவியாளரோடு ஒரு புள்ளியியல் ஆய்வகம் நடந்துவந்தது. அதுவே 1931-ஆம் ஆண்டு டிசம்பர் 17-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக மலர்ந்தது. 1933-இல் சாங்கியா என்னும் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. ஆர்.சி. போஸ், எஸ்.என். ராய், பின்னர் சி.ஆர். ராவ் போன்ற மேதைகள் அங்கே வளர்ந்தனர். அந்நிறுவனத்தின் கிளை ஒன்று இன்று நம் சென்னைத் தரமணியிலும் இயங்குகிறது.

சணல் வயலில் திட்ட விலக்கம்

இனி வருவதுதான் அவர் வாழ்வின் தலையாய அத்தியாயம். என் பாட்டனார் துறைமுகத்தில் கோணி மூட்டை சுமந்தவர். என் தந்தையார் இன்றும் ஒரு கிடங்கில் சுமை தூக்குகிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். பாட்டனார் முதுகில் ஏறிய கோணிக்கு நூல் தந்தது வங்கத்துச் சணல். அந்தச் சணல் எத்தனை ஏக்கரில் விளைகிறது என்று அறிவதுதான் 1937-ஆம் ஆண்டு மகலனோபிஸ் கையிலெடுத்த வேலை என்று படித்தபோது எனக்கு இந்தக் கணக்கு பாடநூலுக்கு வெளியே வந்து நின்றது.

அக்காலத்தில் விளைச்சலை எப்படி மதிப்பிட்டார்கள்? அதிகாரிகள் வயலைக் கண்ணால் பார்த்து, நல்ல விளைச்சலைப் பதினாறணா என்று கொண்டு, இது பன்னிரண்டணாப் பயிர், இது பத்தணாப் பயிர் என்று எழுதிவந்தார்கள். பன்னிரண்டணா என்றால் 75 விழுக்காடு. ஆனால் அது அளந்து கண்ட விழுக்காடன்று, ஊகித்துச் சொன்ன விழுக்காடு. அதற்குத் திட்ட விலக்கம் கிடையாது. எவ்வளவு பிழைபடும் என்று சொன்னவருக்கே தெரியாது. மேலும் நிலையான நிலவரித் திட்டம் நிலவிய வங்கத்தில், நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளை போல ஊர்தோறும் நிலக்கணக்கு எழுதும் ஊழியரும் இல்லை.

மகலனோபிஸ் கண்ட வழி இது. நிலப்படத்தின்மீது தற்செயல் முறையில் புள்ளிகள் இட்டு, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு சிறு சதுரம் வரைவார். ஆய்வாளர் அந்தச் சதுரத்துக்கே நடந்து போய், அதில் எத்தனை விழுக்காடு நிலத்தில் சணல் இருக்கிறது என்று குறித்துவருவார். ஆக, கையில் சேர்வது ஒரு விழுக்காட்டுத் தொகுதி. அதன் சராசரி சணல் பரப்பைத் தருகிறது. அதன் திட்ட விலக்கம், அந்தச் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தருகிறது.

சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? மிகச் சிறிதாக இருந்தால் ஒன்று முழுவதும் சணல், மற்றொன்றில் ஏதுமில்லை என்று விழுக்காடுகள் நூறுக்கும் சுழியத்துக்கும் இடையே துள்ளும். விலக்கம் மிகும். சதுரம் பெரிதானால் விலக்கம் குறையும். ஆனால் நாம் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. ஏனென்றால் அடுத்தடுத்த வயல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். பக்கத்து வயலைப் பார்ப்பதால் புதிதாக அறிவது சொற்பமே. ஆகவே சில பெரிய சதுரங்களைவிடப் பல சிறிய சதுரங்களே மேல். ஆனால் சதுரங்கள் பலவானால் ஆய்வாளர் நடக்கும் தூரமும், அதற்கான செலவும் கூடும். மகலனோபிஸ் திட்ட விலக்கத்தையும் வழிச்செலவையும் ஒரே கணக்கில் கொண்டுவந்து, குறைந்த செலவில் குறைந்த பிழை கிடைக்கும் அளவைத் தேடினார். ஆண்டுதோறும் சிறிய அளவில் முன்னோட்டக் கணக்கெடுப்பு நடத்தி, 1941-இல் மாகாணம் முழுவதற்கும் விரிவுபடுத்தினார்.

தற்செயல் பிழை மட்டுமன்றி மனிதர் செய்யும் பிழையும் உண்டல்லவா? அதற்கும் வழி செய்தார். ஒரே பகுதியில் இரு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாதபடி இரு குழுக்களிடம் ஒப்படைத்தார். இரண்டும் ஒத்துவந்தால் நம்பலாம். வெகுவாக மாறுபட்டால் எங்கோ கோளாறு.

பலன் என்ன? பின்னர் ஓராண்டில் சணல் விளைச்சலை அரசு வயல்வயலாக எண்ணவும் செய்தது. அந்தக் கணக்கு 63 லட்சத்து 4 ஆயிரம் பேல் என்றது. மகலனோபிசின் மாதிரிக் கணக்கு 75 லட்சத்து 40 ஆயிரம் பேல் என்றது. பிறகு வணிகத் துறையிலிருந்து வந்த உண்மைக் கணக்கு 75 லட்சத்து 62 ஆயிரம் பேல்! எல்லா வயலையும் எண்ணிய கணக்கு ஆறில் ஒரு பங்கு குறைந்தது. சிலவற்றை மட்டும் பார்த்த கணக்கு நூற்றில் ஒரு பங்குகூடத் தவறவில்லை. முழு எண்ணிக்கைக்கு 33,000 பேர், 82 லட்சம் ரூபாய். மாதிரிக்கு 600 பேர், 8 லட்சம் ரூபாய். பயிற்சியில்லாத பெருங்கூட்டம் செய்யும் பிழை, பயிற்சி பெற்ற சிறு குழு விடும் விலக்கத்தைவிடப் பெரிது என்பதை நாடு கண்டது.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே 1943-ஆம் ஆண்டு வங்கத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. மாண்டவர் தொகை 15 லட்சம் என்று அரசின் விசாரணைக் குழு கணித்தது. பின்னாளைய ஆய்வாளர் சிலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். அத்தனை உயிர்களைப் பறிகொடுத்த நாட்டுக்கு எத்தனை உயிர் என்பதிலேயே இருமடங்கு வேறுபாடு! பஞ்சத்துக்குப் பின் மகலனோபிசும் அவர் குழுவினரும் ஊர் ஊராக மாதிரிக் கணக்கெடுத்து, நிலத்தை விற்றவர், தொழிலை இழந்தவர், ஆதரவற்றவரானவர் யார் யார் என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஏழையின் துயரம் எண்ணப்படாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். எண்ணுவதும் ஒரு வகைத் தொண்டு என்று நான் கொள்வது இதனால்தான்.

நாடு தழுவிய கணக்கு

விடுதலைக்குப் பின், 1950-ஆம் ஆண்டு அக்டோபரில் மகலனோபிசின் முயற்சியால் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் 1,833 கிராமங்களே முதல் சுற்றில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஏழை என்ன உண்கிறான், எதற்குச் செலவிடுகிறான் என்பதை நாடு முழுவதற்கும் பொதுவான முறையில் கேட்டறியும் வேலை அவ்வாறு பிறந்தது.

இந்தக் கணக்கெடுப்பின் ஆய்வாளர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு வந்தார். குறிப்பிட்ட சில வீடுகளுக்கு மட்டுமே போனார். எங்கள் வீடும் அதில் ஒன்று. அரிசிக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று அவர் கேட்கக் கேட்க, அம்மா சுவரில் சாய்ந்தபடி நெடுநேரம் யோசித்து யோசித்துச் சொன்னார். பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரே மனத்தாங்கல். தம் வீட்டை ஏன் கேட்கவில்லை, தாங்கள் மட்டும் ஏழைகள் இல்லையா என்று கேட்டார். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. இந்த ஆண்டு வகுப்பில் மாதிரி முறையைப் படித்தபின் அத்தையிடம் போய்ச் சொன்னேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போமே, அதுதான் இது. ஆனால் பானையை நன்றாகக் கிளறிவிட்டுத்தான் சோற்றை எடுக்கவேண்டும். மேலாக இருப்பதை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடியில் வேகாதது தெரியாது. வீடுகளைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுப்பது பானையைக் கிளறுவது போன்றது. எங்கள் வீடு உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் பேசியது என்றேன். அத்தை முழுமையாக ஒப்புக்கொண்டாரா என்று சொல்வதற்கில்லை. ஆனால் அம்மா, அப்படியானால் இன்னும் சரியாகச் சொல்லியிருக்கலாமே என்று கவலைப்பட்டார். தம் ஒரு சொல் பல வீடுகளுக்கு நிற்கிறது என்ற பொறுப்பு, பள்ளி சென்றறியாத அந்தத் தாய்க்கு உடனே விளங்கிவிட்டது.

1956 முதல் 1961 வரையிலான இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு மகலனோபிசின் கைவண்ணம். எந்திரங்களைச் செய்யும் பெருந்தொழில்கள் முதலில் வளரவேண்டும் என்பது அவர் கருத்து. இந்தக் கருத்து எல்லோர்க்கும் உடன்பாடானதன்று. வேளாண்மைக்கு உரிய இடம் தரப்படவில்லை என்ற குறை எழுந்தது. 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடியும் வந்தது. பெருந்தொழில்களின் நன்மை தீமை இரண்டையும் கண்ணால் கண்டவர்கள் நாம். 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம் நம்மவர் பலருக்குச் சோறும் போட்டது, நம் கூரைகளில் சாம்பலும் போட்டது. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். திட்டம் தவறியதா இல்லையா என்று அவரோடு வாதிட்டவர்களும், அவர் ஏற்படுத்திய கணக்கெடுப்பின் எண்களைக் கொண்டே வாதிட்டார்கள். தம்மையே எதிர்த்துப் பேசுவதற்கான கருவியையும் நாட்டுக்குச் செய்து கொடுத்தவர் அவர்.

இறுதி நாட்கள்

1945-ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவி அவரைத் தேடி வந்தது. 1947-இல் ஐக்கிய நாடுகள் அவையின் மாதிரி முறைத் துணைக்குழுவுக்குத் தலைவரானார். 1956-ஆம் ஆண்டு வாக்கில் நாட்டின் முதல் மின்னணுக் கணிப்பொறி அவருடைய நிறுவனத்தில்தான் இயங்கத் தொடங்கியது. 1968-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். தம் 79-ஆம் பிறந்தநாளுக்கு ஒருநாள் முன்பாக, 1972-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், கல்கத்தாவில் மறைந்தார். 2007 முதல் அவர் பிறந்தநாளான ஜூன் 29 நாடெங்கும் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இயற்பியல் படித்தவர், இரயிலைத் தவறவிட்டவர், கப்பலில் இதழ் படித்தவர், வயலில் சதுரம் வரைந்தவர் என்று பல நிலைகளில் அவரைக் கண்டோம். எல்லாவற்றிலும் ஊடாடி நிற்பது ஒரே நேர்மை. என் கணக்கு இது, இது இவ்வளவு பிழைபடக்கூடும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லும் நேர்மை அது. பிழைக்கு இடமே இல்லை என்று சொல்பவரைவிட, என் பிழை இந்த எல்லைக்குள் என்று அளந்து சொல்பவரே நம்பத்தக்கவர் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஏதேனும் ஓர் அலுவலகத்தில் பட்டியல் தயாரிப்போம். பள்ளியில் தேர்ச்சி விழுக்காடு எழுதுவோம், மருத்துவமனையில் நோய் விழுக்காடு எழுதுவோம், ஆலையில் விபத்து விழுக்காடு எழுதுவோம். அப்போது அந்த எண்ணுக்கு அருகில் எத்தனை பேரில் என்பதையும், எவ்வளவு விலக்கம் என்பதையும் மறவாமல் எழுதுவோமாக. அந்த எண்ணுக்குள்ளே எங்கோ ஒரு தாய் சுவரில் சாய்ந்து யோசித்துச் சொன்ன விடை இருக்கும். அதைக் கூட்டிக் குறைக்காமல் கொண்டுசேர்ப்பதே பேராசிரியர் மகலனோபிசுக்கு நாம் செலுத்தும் வணக்கம். வாழ்க அவர் புகழ்!